சக்கரம் நிற்கும் நேரம்

2024 ஜூலை 29. பாரிஸ் நகருக்கு மேற்கே எலான்கூர் குன்றில் ஒலிம்பிக் ஆண்கள் கிராஸ்-கன்ட்ரி மலைச் சைக்கிள் போட்டி. நடப்புச் சாம்பியனான பிரிட்டனின் டாம் பிட்காக் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய முன்சக்கரம் பஞ்சரானது. காற்றிறங்கிய டயரோடு தடுமாறி உதவி மண்டலம் வரை வந்து சேர்ந்தார். அங்கே தயாராக இருந்தவர்கள் வேறு சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார்கள். அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியவர், முன்னால் போனவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியையும் தாண்டித் தங்கம் வென்றார். அவருடைய விடாமுயற்சியை உலகமே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அதே காட்சியில் இன்னொன்றும் இருந்தது. அவர் முதுகில் பை இல்லை, சட்டைப் பையில் பம்பு இல்லை, மழைக்கோட்டு இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பி வந்து சேரும் இடத்தில் சக்கரமும் தண்ணீரும் மெக்கானிக்கும் காத்திருந்ததால் அவருக்கு அவை தேவைப்படவில்லை. முழுப் போட்டியும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

மலைச் சைக்கிள் வாங்கும் பெரும்பாலோருக்கு உடையையும் பொருள்களையும் பற்றிய எண்ணம் இப்படிப்பட்ட போட்டிக் காட்சிகளிலிருந்தே வருகிறது. மெல்லிய ஜெர்சி, ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், நடக்கவே முடியாத அளவுக்கு விறைப்பான அடிப்பாகம் கொண்ட ஷூ. ஒன்றரை மணி நேரத்துக்கு அது சரியான ஏற்பாடு. விடியற்காலையில் கிளம்பி, தேயிலைத் தோட்டப் பாதையிலும் மண் தடத்திலும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சுற்றிவிட்டு மாலையில் திரும்பும் முழுநாள் பயணத்துக்கு அது தவறான ஏற்பாடு. இந்த விளையாட்டின் தொடக்க காலப் போட்டிகளில் வெளியாள் யாரும் வீரருக்கு உதவக் கூடாது என்ற விதி இருந்தது. வழியில் எது பழுதானாலும் அவரே கையிலிருப்பதைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். போட்டிகள் அந்த விதியைக் கைவிட்டுவிட்டன. முழுநாள் பயணம் போகிறவருக்கு மட்டும் அது அப்படியே இருக்கிறது; காட்டுப் பாதையில் உதவி மண்டலம் கிடையாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: முழுநாள் பயணத்துக்கான உடையையும் கருவியையும் சக்கரம் ஓடும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, சக்கரம் நிற்கும் நேரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பஞ்சர், அறுந்த செயின், திடீர் மழை, விழுந்து சுளுக்கிய மணிக்கட்டு, வழி தவறிய பாதை என்று எதனாலும் அந்த நேரம் வரலாம். அந்த அரை மணியிலோ ஒரு மணியிலோதான் நாம் உடுத்தியிருப்பதற்கும் சுமந்து வந்ததற்கும் உண்மையான சோதனை நடக்கிறது.

காரணம் உடலின் கணக்கில் இருக்கிறது. பெடலை மிதிக்கும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கோ அதற்கும் குறைவோதான் சைக்கிளை நகர்த்துகிறது, மீதியெல்லாம் வெப்பம். பெடலில் 150 வாட் கொடுத்து ஏற்றம் ஏறுகிறவருடைய உடல் 450 முதல் 600 வாட் வரை வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பத்து டிகிரிக் குளிரிலும் ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டுகிறது, ‘ஜாக்கெட் எதற்கு’ என்று தோன்றுகிறது. நின்ற சில நிமிடங்களில் அந்த வெப்ப உற்பத்தி 100 வாட் அளவுக்கு இறங்கிவிடும். உலை அணைந்துவிட்டது, ஆனால் உடம்போடு ஒட்டிய துணி இன்னும் ஈரம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஏற்றத்தில் நம்மைக் காப்பாற்றியது இந்த ஏற்பாடுதான். நின்றபிறகும் அது நிற்பதில்லை, தேவையில்லாத வெப்பத்தையும் தேவையான வெப்பத்தையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில் விரல்கள் மரக்கும். விரல் மரத்தவரால் டயர் லிவரைப் பிடிக்க முடியாது, வால்வு மூடியைத் திருக முடியாது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய பஞ்சர் வேலை நாற்பது நிமிடமாகும், அந்த நாற்பது நிமிடமும் உடம்பு இன்னும் குளிரும். உடை ஒரு பிரச்சினை, பழுதுபார்ப்பு வேறொரு பிரச்சினை என்று பிரித்துப் பார்ப்பவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிப்பதில்லை.

நீலகிரியை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கின்படி, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே ஒரே நேரத்தில் 15 டிகிரி வேறுபாடு இருக்கும். டிசம்பர், ஜனவரியில் உதகைப் புல்வெளிகளில் உறைபனி படியும் காலையில் கிளம்புகிறவர், மதியம் கீழ்ச் சரிவில் வெயிலில் வேகிறார். மேகம் ஏறி வந்து மூடினால் அரை மணியில் மீண்டும் குளிர்காலம். இறக்கம் இதை இன்னும் மோசமாக்கும். காற்றின் குளிர்ச்சியைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரப்படி, 10 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது தோல் உணர்வது 6 டிகிரி. அதுவும் உலர்ந்த தோலுக்கான கணக்கு. ஏற்றத்தில் நனைந்த சட்டையோடு இறங்குகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏற்றத்துக்குப் பொருத்தமாக உடுத்தினால் இறக்கத்தில் நடுக்கம், இறக்கத்துக்குப் பொருத்தமாக உடுத்தினால் ஏற்றத்தில் புழுக்கம். ஒரே உடையால் இரண்டையும் சமாளிக்க முடியாது. அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

உடம்பை ஒட்டிய முதல் அடுக்கு பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ இருக்கட்டும், பருத்தி வேண்டாம் என்று சொன்னவுடன் ஒரு மறுப்பு எழும். வெயில் நாட்டுக்குப் பருத்தியைவிடச் சிறந்த துணி உண்டா? நம் ஊர் உழவரும் தொழிலாளியும் தலைமுறை தலைமுறையாக அதைத்தானே உடுத்துகிறார்கள்? இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சமவெளியின் உலர்ந்த வெயிலில் பருத்தி வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஆவியாக்குவது உடம்புக்கு நல்லது. அங்கே ஈரம் நண்பன். வறண்ட பாலைவனப் பாதைகளில் வேண்டுமென்றே பருத்திச் சட்டை போட்டுச் செல்கிறவர்கள் உண்டு. அவர்கள் தவறு செய்யவில்லை. மலையில் சூழ்நிலை தலைகீழாகிறது. அதே ஈரம் நிழலிலும் காற்றிலும் மூடுபனியிலும் உடம்பின் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் உலராது. பாலியஸ்டர் இழைக்குள் நீர் ஏறக்குறைய நுழைவதே இல்லை, சீக்கிரம் உலரும். மெரினோ ஈரமானாலும் ஓரளவு கதகதப்பைக் காக்கும், நாற்றமும் எடுக்காது, விலைதான் அதிகம். பாலியஸ்டருக்கென்று சைக்கிள் முத்திரை போட்ட ஜெர்சி வேண்டுமென்பதில்லை, கபடிக்கும் ஓட்டப் பயிற்சிக்கும் விற்கும் சாதாரண விளையாட்டுச் சட்டையே போதும். முதுகுப் பையோடு ஓட்டுகிறவருக்கு ஜெர்சியின் பின்பக்கப் பைகள் எப்படியும் பயன்படாது.

அதற்கு மேல் காற்றுத் தடுப்புக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். நல்லது ஒன்று சுமார் 100 கிராம்தான் இருக்கும். மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும். எல்லாப் பொருள்களிலும் எடைக்கு அதிகப் பயன் தருவது இதுதான் என்பது என் கருத்து. மழைக்கோட்டு அதற்கு மாற்றாகாது, கூடுதலாக வேண்டும். நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் நனைகின்றன. ஆண்டில் பாதி மாதங்களுக்கு மாவட்டத்தின் ஏதோ ஒரு பக்கம் மழைக்குரியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் யாரும் சைக்கிளை எடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம். சாதாரண மாலை மழைக்கே தையல்களில் பட்டை ஒட்டிய, தலைமூடியை ஹெல்மெட்டுக்கு மேலேயோ உள்ளேயோ இழுத்துவிடக்கூடிய கோட்டு வேண்டும். இருசக்கர வாகனத்துக்கு வாங்கும் கனமான ரெயின்கோட்டில் மழை உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது. அரை மணி ஏற்றத்தில் உள்ளே நனைந்தது மழையாலா வியர்வையாலா என்று பிரித்தறிய முடியாத நிலை வந்துவிடும். ஆனாலும் ஒன்றுமே இல்லாமல் போவதைவிட அது மேல். மழையில் பஞ்சர் ஒட்ட நிற்கும் நேரத்தில் எந்தக் கோட்டும் நல்ல கோட்டுதான்.

அடிப்பாகப் பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் என் வாதத்துக்குள் முழுதாக அடங்காத பொருள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பயன் முழுக்க முழுக்கச் சக்கரம் ஓடும் நேரத்தில்தான். எட்டு மணி நேரம் இருக்கையில் அழுந்துவது இடுப்பெலும்பின் இரண்டு கீழ்முனைகள். அங்கே உராய்வும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் புண்ணும் கட்டியும் வரும். இதை உள்ளாடைக்கு மேல் அணிவது பலர் செய்யும் தவறு. உள்ளாடையின் தையல்தான் முதலில் தோலை அறுக்கும்; பஞ்சு நேரே தோலோடு ஒட்டி இருக்க வேண்டும் என்றுதான் அதைத் தைக்கிறார்கள். இறுகிய உடையோடு ஊருக்குள் நுழையக் கூச்சப்படுகிறவர்கள் மேலே தொளதொளப்பான ஷார்ட்ஸோ டிராக் பேன்ட்டோ போட்டுக்கொள்ளலாம், அது முள்ளுக்கும் பாதுகாப்பு. பெண்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. பஞ்சின் வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு. ஆண்கள் அளவில் சின்னதை எடுத்துக் கொடுப்பது தீர்வாகாது. தோள்பட்டை வாரோடு வரும் பிப் ஷார்ட்ஸ் வயிற்றை இறுக்காது, நழுவாது என்பதால் நீண்ட நேரத்துக்குச் சிறந்தது என்று பரிந்துரைப்பார்கள். கழிவறையே இல்லாத தோட்டப் பாதையில், சிறுநீர் கழிக்க ஜாக்கெட்டையும் ஜெர்சியையும் கழற்றினால்தான் அந்த வாரை இறக்க முடியும் என்றால் அது பெண்ணுக்கு எப்படிச் சிறந்த உடையாகும்? இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஓட்டுகிற பெண்கள் உண்டு. பின்புறம் கொக்கி வைத்துக் கழற்றும்படியான பெண்கள் பிப்புகள் இப்போது வருகின்றன. இல்லாவிட்டால் இடுப்பில் நிற்கும் சாதாரணப் பஞ்சு ஷார்ட்ஸே பெண்களுக்கு நல்லது.

ஷூவில் என் வாதம் மீண்டும் வலுப்பெறுகிறது. முழுநாள் பாதையில் ஏதோ ஓரிடத்தில் சைக்கிளைத் தள்ளவோ தோளில் தூக்கவோ வேண்டியிருக்கும்: ஓடை, உருண்டைக் கல் சரிவு, விழுந்து கிடக்கும் மரம். பெடலில் கொக்கியிட்டு மாட்டும் போட்டி ஷூவின் கார்பன் அடிப்பாகம் மிதிப்பதற்கு அருமையானது, ஈரப் பாறையில் நிற்பதற்கு ஆபத்தானது. ரப்பர் பற்கள் உள்ள, சற்றே வளையும் ஷூவை எடுத்து, சாதாரண அகலப் பெடலோடு ஓட்டுகிறவர் எதையும் பெரிதாக இழப்பதில்லை. கையுறை விரல்களை முழுதும் மூட வேண்டும். நீலகிரித் தடங்களில் உண்ணிச்செடியும், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டுப் பரவிப்போன முட்புதரும், கவாத்து செய்த தேயிலைச் செடியின் கூரான குச்சிகளும் கைப்பிடி உயரத்திலேயே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மழைக்காலத்தில் அட்டை ஏறாமலிருக்க, நெருக்கமாக நெய்த உயரமான காலுறை வேண்டும். கண்ணாடி கறுப்பாக மட்டும் இருந்தால் மூடுபனியிலும் மர நிழலிலும் கழற்ற வேண்டிவரும், கழற்றிய நேரத்தில்தான் சேறு கண்ணில் தெறிக்கும். தெளிந்த கண்ணாடி ஒன்று போதும். ஹெல்மெட்டைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகளைப் பற்றிய 40 ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆஸ்திரேலியப் பகுப்பாய்வு, ஹெல்மெட் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதம் குறைவு என்று கண்டது. பைக் ஹெல்மெட் இருக்கிறதே என்று அதை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர் தலையைச் சூட்டில் வேகவைத்து, பாதி வழியில் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடுவார். சைக்கிளுக்கென்று செய்த, காற்றுத் துளைகள் உள்ள, பின்மண்டையை இறங்கி மூடும் ஹெல்மெட்தான் வேண்டும். ஒருமுறை பலமாக அடிவாங்கியதை மீண்டும் போடக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் நுரை ஒரே ஓர் அடியைத் தாங்கி நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது.

தண்ணீருக்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒயிட் ரிம் என்ற மண் பாதை இருக்கிறது. 1950-களில் யுரேனியம் தேடிப் போட்ட பாதை, சுற்றளவு சுமார் 160 கிலோமீட்டர். அனுமதிச் சீட்டு பெற்று அதை ஒரே நாளில் சுற்றி முடிப்பது மலைச் சைக்கிள்காரர்களிடையே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. அந்த 160 கிலோமீட்டரில் குடிநீர் எங்கும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது வேண்டும் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது. நாள் முழுக்க மிதிப்பவருக்கு அதற்கு மேலும் வேண்டும். அந்த உயர்நிலப் பாலைவனத்தில் ஒரே நாளில் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும். மேட்டின் மேலிருந்து தொடங்கியவர் எந்தத் திசையில் சுற்றினாலும் 300 மீட்டருக்கும் அதிகமான செங்குத்து ஏற்றம் கடைசியில்தான் வரும், கையிலிருந்த தண்ணீர் தீர்ந்த பிறகு. இந்த விளையாட்டில் தண்ணீர்ப் பை எப்படி வந்தது என்பதும் அமெரிக்காவின் வெயிலோடு சேர்ந்த கதை. 1989-இல் டெக்சாஸில் விசிட்டா ஃபால்ஸ் ஊரில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பயணத்துக்கு, ஆம்புலன்ஸ் பணியாளரான மைக்கேல் எய்ட்சன் சலைன் பையில் தண்ணீர் நிரப்பி, நீண்ட காலுறைக்குள் செருகி, சட்டையின் முதுகில் வைத்து, குழாயைத் தோளுக்கு மேல் கொண்டுவந்து குடித்தார். கேமல்பேக் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. நீலகிரி பாலைவனம் இல்லைதான். ஆனால் அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனைக்குத் தடை இருக்கிறது, குடிநீர் ஏடிஎம்கள் இருப்பது நெடுஞ்சாலையோரங்களில். தோட்டத் தடத்துக்குள் இறங்கிவிட்டால் அடுத்த தண்ணீர் எந்த லைன் வீட்டில் கேட்டு வாங்கப் போகிறோமோ அங்கேதான். இரண்டு லிட்டராவது கையில் இருக்க வேண்டும்.

அதிகம் குடிப்பதும் ஆபத்து என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடம் அது அதிகம். தாகம் எடுக்கும்போது குடிப்பது, இடையே உப்புச் சேர்ப்பது, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. வெளிநாட்டு எலக்ட்ரோலைட் மாத்திரைக்கு அலைய வேண்டாம், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு பையில் இருந்தால் போதும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடம்புக்குப் போக வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சை, வாழைப்பழம் இவையே அதைக் கொடுத்துவிடும். திட்டமிட்டதைவிட இரண்டு மணி நேரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குச் செயின் அறுந்தால் அந்தக் கூடுதல் பொட்டலம்தான் வீடு சேர்க்கும்.

இனி கருவிகள். ட்யூப் இல்லாத டயரும் உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவமும் வந்தபிறகு முள் குத்திய பஞ்சர்கள் பெரும்பாலும் தாமாகவே அடைபடுகின்றன. அடிவாரத்துச் சீமைக் கருவேல முள்ளைக் கடந்து வருகிறவர்களுக்கு அது வரம். அந்த வசதியே பலரை ஏமாற்றவும் செய்கிறது. சீலன்ட் சில மாதங்களில் உலர்ந்துவிடும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். பாறை விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் எந்தத் திரவமும் அதை அடைக்காது. எனவே ஓட்டையில் திணிக்கும் ரப்பர்த் திரி, ஒரு மாற்று ட்யூப், கிழிசலுக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு, டயர் லிவர், கைப்பம்பு இவ்வளவும் வேண்டும். கேஸ் குப்பி விரைவாகக் காற்றடிக்கும், ஒருமுறை வீணானால் முடிந்தது; கைப்பம்பு தீர்ந்துபோவதில்லை. மல்ட்டி-டூலில் செயின் கழற்றும் முள் இருக்க வேண்டும், கூடவே நம் செயினின் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. பத்துக்கு உரியது பன்னிரண்டுக்குச் சேராது. எல்லோரும் மறப்பது டிரெய்லர் ஹேங்கர். பின்பக்க கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறிய அலுமினியத் துண்டு அது; விழும்போது சட்டம் வளையாமல் அது வளையட்டும் என்றே மென்மையாகச் செய்யப்படுகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். 2019-இல் ஸ்ராம் நிறுவனம் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது, பல கம்பெனிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் சைக்கிளில் பழைய வகை இருந்தால் வாங்கும் அன்றே இரண்டு கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த வடிவம் எந்தக் கடையிலும் இருக்காது.

இவ்வளவையும் சுமந்தால் ஓட்டுவதன் இன்பமே போய்விடாதா? எடை குறைவுக்காகத்தானே சட்டத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோம்? இந்த மறுப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழைக்கோட்டு, காற்றுத் தடுப்பு, ட்யூப், பம்பு, கருவிகள், முதலுதவிப் பொட்டலம், விளக்கு எல்லாம் சேர்த்தால் தண்ணீர் நீங்கலாகச் சுமார் ஒன்றரைக் கிலோ. 70 கிலோ ஆளும் 13 கிலோ சைக்கிளும் சேர்ந்த எடையில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. செங்குத்து ஏற்றத்தில் நேரம் ஏறக்குறைய எடையின் விகிதத்தில் கூடும். ஒரு மணி நேர ஏற்றத்துக்குச் சுமார் ஒரு நிமிடம் அதிகமாகும். நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் கூடாது. எடை உண்மையில் தொந்தரவு செய்வது அது முதுகில் இருக்கும்போதுதான், தோள் வலிக்கும், முதுகு வேர்க்கும். ட்யூபையும் கருவியையும் சட்டத்தில் கட்டிவிட்டு, தண்ணீரையும் உடையையும் மட்டும் முதுகில் வைத்தால் அந்தப் புகாரில் பாதி தீர்ந்துவிடும்.

இன்னொரு மறுப்பு வரலாற்றைத் துணைக்கு அழைக்கும். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மெரின் பகுதியில் ரீபேக் பந்தயத்தைத் தொடங்கி மலைச் சைக்கிளுக்கே வழிவகுத்தவர்கள் ஜீன்ஸும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, 1930-களின் பழைய ஷ்வின் சைக்கிள்களில் இறங்கினார்கள். அவர்களுக்கு இத்தனை பொருள்களா இருந்தன? இருக்கவில்லை. ஆனால் ரீபேக் சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் அளவுக்கு இறங்கும் பந்தயம். அதில் ஓட்டியவர்களில் ஒருவரான கேரி ஃபிஷரின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. ஜீன்ஸ் அதற்குச் சரியான உடை, விழுந்தால் தோலைக் காக்கும். எட்டு மணி நேரம் நனைந்த ஜீன்ஸோடு மிதிப்பது வேறு விஷயம். பணத்தைப் பற்றிய மறுப்புதான் எனக்குக் கனமானதாகப் படுகிறது. மாதச் சம்பளத்தில் சைக்கிள் வாங்கியவருக்கு இன்னும் அவ்வளவு செலவு என்றால் இந்த விளையாட்டே வசதியுள்ளவர்களுக்கானதாகிவிடும். ஆகவே வரிசை முக்கியம். முதல் பணம் ஹெல்மெட்டுக்கு, அடுத்தது பஞ்சு ஷார்ட்ஸுக்கு, பிறகு பம்புக்கும் கருவிக்கும். சட்டை வீட்டிலிருக்கும் பாலியஸ்டர் சட்டை, உணவு வீட்டிலிருந்து, தண்ணீருக்குப் பழைய பாட்டில்கள். மூன்று பேர் சேர்ந்து போனால் செயின் கருவியும் முதலுதவிப் பொட்டலமும் ஆளுக்கொன்று வேண்டாம். ஆனால் மாற்று ட்யூபையும் மழைக்கோட்டையும் விளக்கையும் யாரோடும் பகிர முடியாது.

கடைசியாக, ‘போன் இருக்கிறதே’ என்பவர்கள். 112-க்கோ 108-க்கோ அழைக்க முடியும் இடங்களில் அழையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது, குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் வருகிறவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, போனை நீர்புகா உறையில் இட்டு, ஒரு விசிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எந்த வழியாக, எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போவது எந்தக் கருவியைவிடவும் மேலானது. 2003 ஏப்ரலில் யூட்டாவில் ஏரன் ரால்ஸ்டன் மலைச் சைக்கிளில் போய், அதை ஒரு மரத்தில் பூட்டிவிட்டுப் பள்ளத்தாக்கில் நடந்தபோது உருண்ட பாறையில் கை சிக்கி ஐந்து நாள் கிடந்தார். போகுமிடத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மலிவான மழுங்கிய மல்ட்டி-டூலால் தன் கையையே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். நீலகிரியில் பாறையைவிட யானையையும் காட்டெருமையையும் நினைத்து அஞ்ச வேண்டும். வனத்துறை அனுமதி இல்லாத தடத்தில் நுழையவே கூடாது. அந்தி சாயுமுன் காட்டோரத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். விளக்கு வைத்திருப்பது இருட்டிலும் ஓட்டலாம் என்பதற்காக இல்லை, தாமதமாகிவிட்டால் தார்ச்சாலை வரை வந்து சேர்வதற்கு.

பொருள்களை வாங்கி அடுக்கியபிறகு பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலையில் டயரைக் கழற்றி, ட்யூபை மாட்டி, கைப்பம்பாலேயே முழுக் காற்றையும் அடித்துப் பாருங்கள், கையுறையோடும் அது இல்லாமலும். பம்பின் வாய் வால்வுக்குப் பொருந்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். மலைச் சைக்கிள்கள் பலவற்றில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. பெட்ரோல் பங்கின் காற்றுக்குழாய் அதில் உட்காராது, கிராமத்துப் பஞ்சர் கடைக்காரரிடமும் பெரும்பாலும் அதற்கான வாய் இருக்காது. பம்பு உடைந்து, எப்படியோ தள்ளிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்து, கம்ப்ரசர் கண்ணெதிரே ஓடும்போதும் காற்றடிக்க முடியாமல் நிற்க நேரிடும். விரல் நுனி அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை அந்த வால்வில் திருகினால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கி, வால்வு மூடிக்குப் பதிலாக அதையே மாட்டி வைத்துவிடுங்கள்.